தடை மாதத்துக் கூவல்

ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அது இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

லான்டே அப்படித்தான் நினைத்தான். வேறு எப்படி நினைப்பான்? பதினேழு வருஷமாக மைக்செட்காரன். ஒரு கூவல் கேட்டால் எந்தப் பெட்டி, எந்த வயர், மிக்சரில் எந்தக் குமிழைக் குறைத்தால் அடங்கும் என்று அவன் விரலுக்கே தெரியும். மைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒன்று போடுகிற சத்தத்தை மற்றது வாங்கி, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்து, அதை மறுபடி வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் மண்டையைப் பிளந்துவிடும். மைக்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும், அடங்கிவிடும். அவ்வளவுதான் வித்தை.

அன்று மத்தியானம்தான் தடை விழுந்திருந்தது. பூசாரிகள் சோளத்தை ஊன்றிவிட்டு வந்தாயிற்று. இனி முப்பது நாள் அக்ரா பட்டணத்தில் எங்கள் கடற்கரைப் பக்கம் மேளம் கூடாது, கைதட்டிப் பாடக் கூடாது, சாவு வீட்டில்கூடப் பாட்டுப் பெட்டி கூடாது. மீறினால் தடைக்காரர்கள் வந்து சத்தம் போடுவதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், தடை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். மண்ணுக்குள் போன சோளம் நிம்மதியாக முளைக்கட்டும் என்று தெய்வங்கள் கேட்கிற அமைதி. மற்ற பதினோரு மாதமும் சும்மாவா இருக்கிறோம்? சனிக்கிழமை ஆனால் தெருவுக்கு நான்கு சாவுப் பந்தல், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சந்துக்கு ஒரு ஜெப சபை, நடுவில் பஸ்காரன் ஹாரன், செல்போன் கடைக்காரன் பாட்டு. அந்த இரைச்சலில் பாதி லான்டேயின் பெட்டிகளிலிருந்துதான் வந்தது. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

எல்லாம் நின்ற பிறகுதான் இது கேட்டது. மெல்லிசான, ஊசி மாதிரியான ஒரு கீ…. பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த பலகை அறைக்குள் போனான். உள்ளே புழுக்கமும் பழைய வயர் ரப்பர் வாசனையும். பிளக்கைப் பிடுங்கினான். கூவல் நிற்கவில்லை. ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், மெயின் சுவிட்சை இறக்கினான், கடைசியில் கோபம் வந்து மைக்குகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். அப்புறமும் இடது பக்கத்தில் கீ…. இடது பக்கம் திரும்பினால் அது இன்னும் இடது பக்கம் போனது. முற்றத்தைத் தாண்டி, மீன் வாட்டுகிற புகை அடுப்புகளைத் தாண்டி, படகுகள் வரை நடந்து பார்த்தான். அங்கேயும் அதே தூரத்தில், அதே சுருதியில் கூட வந்து நின்றது.

பாழாய்ப்போன சத்தம் தன் காதுக்குள்தான் இருக்கிறது என்று அலைக்கு முன்னால் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாளே மனைவி அமெர்லி அவனை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டாள். பிள்ளை பெற்று ஆறு நாள் ஆன உடம்பு, கட்டிலில் படுத்தபடியே அதட்டினாள். அவளும் அவன் தொழிலில் பாதி. எட்டாம் மாதம் வரைக்கும் பாக்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மிக்சரைப் பார்த்துக்கொண்டவள். ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த வயிறு. பாக்ஸில் பேஸ் திம்மென்று அடிக்கும்போதெல்லாம் பிள்ளை உள்ளே உதைக்கும். "பாரு, உன் பொண்ணு ஆடுறா" என்று அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

காது டாக்டர் அறையில் இருந்தது சிஸ்டர் சேனா. அவன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா பாக்ஸ் பக்கத்துல நிக்குறீங்க?"

"பதினேழு."

"காதுல ஏதாவது அடைச்சுப்பீங்களா?"

"அடைச்சா பாட்டு எப்படி சிஸ்டர் கேக்கும்?"

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்?" என்றார் சிஸ்டர். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "காதுக்குள்ள முடி மாதிரி நுணுக்கமான செல்லுங்க இருக்கு. பெரிய சத்தத்துல அது செத்துப் போனா மறுபடி முளைக்காது. அங்கேர்ந்து சத்தம் வரலைன்னதும் மூளை என்ன பண்ணும்? வால்யூமை ஏத்தி ஏத்தித் தேடும். நீங்க கேக்குறது அந்த இரைச்சல்தான். வேற யாருக்கும் கேக்காது."

"எப்ப போகும்?"

"போகாமலும் இருக்கலாம். நிறைய பேர் இதோட நல்லாவே வாழுறாங்க. சுத்த அமைதியில உக்காராதீங்க. ஃபேனைப் போட்டுக்குங்க, ரேடியோவை மெதுவா ஓட விடுங்க. எண்ணெய் ஊத்துறது, இறகு விட்டுக் குடையுறது, அதெல்லாம் வேணாம். முக்கியமா, அதைத் தேடிப் போகாதீங்க. கவனிக்கக் கவனிக்கப் பெருசாகும்."

எழுந்தவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "சிஸ்டர், எனக்கு என்ன வேணா ஆகட்டும். என் பொஞ்சாதி வயித்தோட பாக்ஸ் பக்கத்துலயே உக்காந்திருந்தா. பிள்ளைக்கு…"

சிஸ்டர் காலண்டரைப் பார்த்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தூக்கிட்டு வாங்க என்றார். கைபேசி அளவு மெஷின் ஒன்றைக் காட்டினார். "இதைப் பிள்ளை காதுல வெச்சு டிக் டிக்னு சின்னதா ஒரு சத்தம் விடுவோம். நல்ல காதுன்னா அதுவும் உள்ளேர்ந்து ஒரு சத்தம் திருப்பிப் போடும். ரொம்ப ரொம்பச் சின்னது. அதை இந்த மெஷின் கேக்கும்."

"காது சத்தம் போடுமா?"

"உயிரோட இருக்குற காது போடும்."

மைக்செட்காரனுக்கு அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை விடியலில் பிள்ளைக்குப் பெயர் வைக்க வீட்டுக்கு வெளியே, முற்றத்துக்கு எடுத்து வந்தார்கள். எட்டாம் நாள். தலைச்சன் பெண், தேதே என்று பெயர். இந்த நாளுக்காகவே ஆறு பாக்ஸையும் முற்றத்தைச் சுற்றி அடுக்கி ஊரை அதிர வைக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் கனவு கண்டவன் லான்டே. தடை வந்து வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. மாமா முறை உள்ளவர் பிள்ளையை வானத்துக்குத் தூக்கிக் காட்டினார், தரையில் கிடத்தினார், தண்ணீர் தெளித்தார். குலவையிட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கினார்கள். அப்போது யார் கையிலிருந்தோ ஈயக் கிண்ணம் சிமெண்டுத் தரையில் விழுந்து டணார் என்றது. தேதேக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையையும் விரித்து, வீலென்று கத்தினாள்.

"அடியம்மா, காதைப் பாரு இவளுக்கு!" என்றாள் பக்கத்துச் சுவர்க்காரி ஓஃபொலி. மீனைப் புகையில் வாட்டுகிறவள், ரகசியம் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். "தடைக்காரங்க முதல்ல இவளைத்தான் பிடிச்சிட்டுப் போவாங்க!"

எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். லான்டேக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. என் பிள்ளைக்குக் கேட்கிறது! பிள்ளையை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டான். சூடான சின்னத் தலை அவன் கழுத்தில் சாய்ந்து, சின்னக் காது அவன் காதோடு ஒட்டியது. கூவல் குறைந்தது.

சட்டென்று நின்றுவிடவில்லை. யாரோ குமிழை மெதுவாக இறக்குகிற மாதிரி இறங்கியது. பிள்ளையை எடுத்தால் ஏறியது, சாய்த்தால் இறங்கியது. ஃபேன் அதை மூடி மறைத்தது, அவ்வளவுதான். பிள்ளையின் தலை அதை எடுத்தே விட்டது.

அன்றிலிருந்து நேரம் கிடைத்தால் பிள்ளை அவன் தோளில்தான். காலையில் அரை மணி, மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் கரண்ட் போய் ஃபேன் நின்றால் வருகிற வரைக்கும். வெளியே தடை மாதத்து அமைதி, மழைக்கு முந்தின இறுக்கம், புகை அடுப்பில் மீன் எண்ணெய் சொட்டிச் சீறுகிற ஓசை, தூரத்தில் யாரோ துணியை அடிக்காமல் கசக்குகிற ஓசை, எல்லாம் நாளுக்கு நாள் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தன. பல வருஷமாக அவனுக்குக் கேட்காதவை. காதோடு காது வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான்.

"பால் ஒண்ணுதான் உன்கிட்ட இல்ல, தேதே அப்பா," என்பாள் அமெர்லி. "இல்லேன்னா என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவே போல."

"சும்மா இரு. இவ தோள்ல கிடந்தா எனக்கு நிம்மதியா இருக்கு."

"உனக்கு நிம்மதி சரி. அவளும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கா. இப்பல்லாம் அழுறதே இல்ல."

அவன் அதைக் காதில் வாங்கினான். ஆனால் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை காலை ஓஃபொலி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் புகை, கையில் மீன் செதில்.

"லான்டே! உன் மெஷினை அணைச்சியா இல்லையா? நேத்திலேர்ந்து என் அடுப்படியில நிக்க முடியல."

"எல்லாம் பூட்டி வெச்சிருக்கேன் அக்கா."

"அப்ப என்னதான் கத்துது? மைக் கத்துமே, அப்படி. ரொம்ப மெல்லிசா…" அவள் உதட்டைக் குவித்து, மூச்சை உள்ளே இழுத்து, அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள்.

அதே கூவல். அதே சுருதி, மயிரிழை கூடக் குறையவில்லை. வேற யாருக்கும் கேக்காதுன்னு சிஸ்டர் சொன்னாரே?

அப்புறம் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, பாருங்கள். அட, அப்போ இது என் காதில் இல்லவே இல்லை! ஏதோ ஒரு பெட்டிக்குள் பழைய பேட்டரி இருக்கிறது, அதுதான் கூவுகிறது. எனக்கு ஒரு நோயும் இல்லை! அந்த நேரம் அவன் காதில் கூவல் அநேகமாக இல்லாமலே இருந்தது. ஓஃபொலியின் அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் எந்த அறை, அந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவன் நினைப்பிலேயே வரவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் தடைக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர், தலையில் சிவப்புத் துணி, வெறுங்கால். பெரியவர் பெயர் ஓக்போட்டி. குரலை உயர்த்தியே பேசாத மனிதர். முற்றத்தில் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். வழக்கமாக ஓஃபொலியின் அடுப்படிச் சுவர்ப் பக்கம் மேய்கிற கோழிகள் எல்லாம் எதிர்மூலையில் ஒண்டிக் கிடந்ததை லான்டே அப்போதுதான் கவனித்தான்.

"உன் வீட்லேர்ந்து சத்தம் வருது தம்பி. சந்து முனையிலேயே கேக்குது." லான்டேக்கு மட்டும் கேட்கவில்லை, அந்தச் சுருதியை வாங்குகிற செல்தான் அவன் காதில் செத்திருந்ததே.

"ஏதோ ஒரு பெட்டி பெரியவரே. எதுன்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க!"

இப்படிச் சந்தோஷமாகக் கொடுக்கிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயர், மிக்சர், மைக்குப் பெட்டி, ஆறு பாக்ஸ். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி, தூங்குகிற ஆளைத் தூக்குகிற பக்குவத்தில் தூக்கினார்கள்.

"எதையும் உடைக்க மாட்டோம்," என்றார் ஓக்போட்டி. "தடை முடிஞ்சதும் வந்து எடுத்துக்கோ. சத்தம் போடுறது வேற ஏதாவது இருக்கா?"

"வேற எதுவும் இல்ல."

ஓக்போட்டி போகாமல் கொஞ்சம் நின்றார். வீட்டைப் பார்த்தார். பிறகு போனார்.

அவர்கள் போன பிறகு லான்டே காலி அறையில் உட்கார்ந்தான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பலகை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. கூவல் இல்லை. துளிகூட இல்லை. அலை உருண்டு வந்து மணலில் பரவி, நுரை உடைந்து, தண்ணீர் மணலுக்குள் இறங்குகிற ஓசை கேட்டது. ஒரு பல்லி சுவரில் நகர்ந்தது கேட்டது. தன் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது கேட்டது. அவன் வாய்விட்டு அழுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. சிஸ்டரிடம் போய், பாருங்க, எனக்கும் ஒண்ணுமில்ல, என் பிள்ளைக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிவிட்டு வர வேண்டும்.

"லான்டே." அமெர்லியின் குரல். "இங்க வாயேன்."

படுக்கை அறையில் விளக்கு ஏற்றவில்லை. பால் வாசனை, ஈரத் துணி வாசனை. அமெர்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் காதுக்குள்ளேயே ஏதோ கூவுகிற மாதிரி ஒரு கையால் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பால் குடிக்கல. மத்தியானத்திலேர்ந்து அழவும் இல்ல. கதவு காத்துல படார்னு அடிச்சுது, அசையவே இல்ல. எனக்கு பயமா இருக்கு."

"தூங்குறா."

"தூங்கல. கண்ணைப் பாரு."

தேதே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கூரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. கண் இரண்டும் இடது ஓரத்துக்குப் போயிருந்தன. அங்கே யாரும் இல்லை. கண்கள் இன்னும் ஓரத்துக்குப் போயின. தேடிக்கொண்டே போயின.

அவனுக்கு அந்தத் தேடல் தெரியும்.

ஈயக் கிண்ணத்தை எடுத்தான். அதே கிண்ணம். பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் தரையில் போட்டான். டணார்.

அமெர்லி துள்ளி விழுந்தாள். பிள்ளை அசையவில்லை.

மறுபடி போட்டான். மறுபடி.

"நிறுத்து லான்டே! தடை!"

கிண்ணம் உருண்டு நின்றது. அப்போது கேட்டது. காதுக்குள் இல்லை. அறைக்குள். கட்டிலிலிருந்து. மெல்லிசாக.

அவன் குனிந்தான். உயிரோட இருக்குற காது சத்தம் போடும். ரொம்ப ரொம்பச் சின்னது. மெஷினுக்குத்தான் கேட்கும். அவனுக்குக் கேட்டது.

கீ….

அவனுடையது. பதினேழு வருஷம் அவன் வளர்த்தது.

தினமும் அதை இந்தக் காதில்தான் இறக்கி வைத்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு. நிம்மதியாக.

"குடுத்துடு," என்றான். "தேதே, என் தங்கமே, அப்பாகிட்டயே குடுத்துடு. என்னுதுடா அது. அப்பாவே வெச்சுக்கறேன்." பிள்ளையை வாரி எடுத்தான். சின்னக் காதைத் தன் இடது காதோடு வைத்து அழுத்தினான். வா. திரும்பி வா.

வந்தது.

வந்து, திரும்பிப் போனது. போனது பெரிதாகி வந்தது. முகத்துக்கு முகம். ஒன்று போடுவதை மற்றது வாங்கி. வாங்கினதைத் திருப்பி. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. திருப்பு, மைக்கைத் திருப்பு என்று பதினேழு வருஷத்துப் பழக்கம் அவனுக்குள் கத்தியது. அவன் திருப்பவில்லை. திருப்பினால் எல்லாம் பிள்ளையிடமே தங்கிவிடும். இன்னும் அழுத்தினான். அமெர்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டாள். அவள் வாய் அசைந்தது. அவள் சத்தம் கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் ஓஃபொலி கத்தியிருப்பாள். அதுவும் கேட்கவில்லை.

பிறகு அவன் காது அதை விட்டுவிட்டது. சுத்தமாக. அவனுக்குள் மறுபடி அமைதி.

பிள்ளையை விலக்கிப் பிடித்தான். தேதேயின் வாய் அகலத் திறந்திருந்தது. அழுகிற வாய். முகம் சிவந்து, நாக்கு நடுங்கி, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகை வரவில்லை. கூவல்தான் வந்தது. நிற்காமல். மூச்சுகூட எடுக்காமல்.

வாசலில் நிழல்.

மூன்று பேர். சிவப்புத் துணி. அவர்களுக்குப் பின்னால் முற்றம் முழுக்க ஆட்கள், எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு. ஓக்போட்டி மட்டும் பொத்தவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறி, நிலைப்படிக்கு உள்ளே, தரையில் விரித்தார். ஓரங்களைச் சரி செய்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"பயப்படாதே தம்பி," என்று அவர் உதடு சொன்னது. "உடைக்க மாட்டோம். தடை முடிஞ்சதும் வந்து எடுத்துக்கோ."

அமெர்லி தரையிலிருந்து நிமிர்ந்தாள். அவள் ஓக்போட்டியைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான் லான்டேயும் பார்த்தான்.

பிள்ளையைத் தாங்கியபடி அவை ஏற்கெனவே வாசல் பக்கம் நீண்டிருந்தன.